ஒஹாயோவிலிருந்து ராயபுரம்: ஓய்வுக்காலத்துக்குத் திரும்பலாமா?

கல்மண்டபத்துக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம் கல்மண்டபம். 1988ல் மேல்படிப்புக்கு அமெரிக்கா வந்தேன். ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்து பக்கம் வேலை கிடைத்தது, அங்கேயே தங்கிவிட்டேன். கார் உதிரிபாகங்களுக்கு அச்சு வடிவமைப்பதுதான் கடைசி வரை என் வேலை. இப்போது வயது 66. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாகிவிட்டது, இந்தியாவில் விசா இல்லாமல் தங்க உதவும் ஓசிஐ அட்டையும் இருக்கிறது.

மனைவி ஒஹாயோவிலேயே பிறந்தவர், இந்திய வம்சாவளி இல்லை. ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வேலை பார்த்து இந்த வருடம்தான் ஓய்வு பெற்றார். 64 வயது. லேசான ஆஸ்துமா உண்டு, இன்ஹேலர் கைப்பையிலேயே இருக்கும். ஒரே மகன், சிகாகோவில் இருக்கிறான்.

சென்னைக்குப் போய் இருக்கலாமா என்று முதலில் கேட்டது அவர்தான். என் அம்மா இருந்த காலத்தில் வந்து தங்கியபோதெல்லாம் அவருக்கு அந்தத் தெரு பிடித்துப்போனது. வாசலில் உட்கார்ந்து பேசும் பெண்கள், காசிமேட்டிலிருந்து கூடையில் வரும் மீன், சாயங்காலம் கடல் காற்று. இங்கே பனிக்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கவே மாதம் ஒன்று ஆகிவிடுகிறது. வீட்டு வரியும் காப்பீடும் வருடா வருடம் ஏறுகின்றன. எங்கள் இருவருக்கும் சோஷியல் செக்யூரிட்டி (அமெரிக்க அரசு ஓய்வூதியம்) உண்டு, என்னிடம் 401(கே) என்ற வேலையிடத்து ஓய்வுக்காலச் சேமிப்பு ஓரளவு இருக்கிறது. அங்கே அது தாராளமாகப் போதும் என்று நினைக்கிறேன்.

தம்பி குடும்பம் இன்னும் எங்கள் பழைய வீட்டில்தான் இருக்கிறது. "மொட்டை மாடியில ஒரு போர்ஷன் கட்டிக்கோ, நாங்க கீழே இருக்கோம்" என்கிறான். மற்ற சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் ஓஎம்ஆர் பக்கம் அடுக்குமாடியில் வாங்கு, வட சென்னைக்கு யாராவது திரும்பிப் போவார்களா என்கிறார்கள். எனக்கு ஓஎம்ஆரில் யாரையும் தெரியாது. என் ஊர் கல்மண்டபம். அங்கே போக முடியாது என்றால் ஒஹாயோவிலேயே இருந்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது.

அப்படி வந்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். மருத்துவத்துக்கு என்ன செய்கிறீர்கள்? மெடிகேரை (முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டை) விட்டுவிடலாமா? வரி இரண்டு பக்கமும் கட்ட வேண்டுமா? நான் முந்திப் போய்விட்டால் மனைவி அங்கே சட்டப்படி இருக்க முடியுமா? கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்க விடுவதில்லை.

---

தண்டையார்பேட்டை நர்ஸம்மா எழுதியது:

தம்பி, எனக்கு 71 வயது. ஸ்டான்லியில் நர்ஸிங் படித்து, அங்கேயே வார்டில் வேலை பார்த்து, அப்புறம் ஹூஸ்டன் போய் ஓய்வு பெறும் வரை மருத்துவமனை வேலைதான். வீட்டுக்காரர் இறந்த பிறகு தண்டையார்பேட்டைக்கே வந்துவிட்டேன். அமெரிக்கப் பாஸ்போர்ட், ஓசிஐ, உங்களைப் போலத்தான். வந்ததில் எனக்கு நிறைவுதான். அதனால் வராதீர்கள் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் மொட்டை மாடி போர்ஷன் வேண்டாம். ஏன் என்று விளக்குகிறேன்.

உங்களைத் தூங்க விடாத கேள்விக்கு முதலில் பதில். ஓசிஐ உள்ளவரின் மனைவி, திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு தொடர்ந்து நீடித்திருந்தால், தனக்கும் ஓசிஐ கேட்கலாம். வம்சாவளி தேவையில்லை. பாதுகாப்பு விசாரணை நடக்கும், நேரம் எடுக்கும், ஆகவே இப்போதே விண்ணப்பியுங்கள். நீதிமன்றத்தில் திருமணம் முறிந்தால் அந்த ஓசிஐ போய்விடும். கணவர் இறந்ததால் மட்டும் போகாது. அவர் இங்கே இருக்கலாம், வீடு வைத்திருக்கலாம், ஆண்டுக்கு ஒருமுறை எந்த அலுவலகத்திலும் பதிந்துகொள்ள வேண்டியதில்லை. விவசாய நிலம் வாங்க முடியாது, ஓட்டுப் போட முடியாது, இப்படிச் சில தடைகள் உண்டு. 12 மாதத்தில் 182 நாள் இங்கே தங்கிவிட்டால் ஆதாரும் எடுக்கலாம். வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இங்குள்ள சொத்துக்குத் தனியாக இங்கேயே உயில் எழுதிப் பதிவு செய்யுங்கள். தம்பி நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குப் பின் வருபவர்களிடம் உங்கள் மனைவி தமிழில் வாதாட வேண்டிய நிலை வரக் கூடாது.

இப்போது மெடிகேர். அமெரிக்காவுக்கு வெளியே மெடிகேர் பணம் தராது. மருத்துவமனையில் சேர்வதற்கான பார்ட் ஏ உங்களுக்கு இலவசம், அது தன்பாட்டுக்கு இருக்கட்டும். டாக்டர், வெளிநோயாளி செலவுக்கான பார்ட் பி தான் யோசிக்க வேண்டியது. 2026க்கு மாதம் 202.90 டாலர், வருமானம் அதிகமானால் இன்னும் கூடும். இங்கே இருந்துகொண்டு அதைக் கட்டுவது வீண் என்று நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டுத் திரும்பிப் போனால், எடுக்காமல் இருந்த ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பத்து சதவீதம் கூடுதலாக, ஆயுள் முழுக்கக் கட்ட வேண்டும். நினைத்த நேரத்தில் சேரவும் முடியாது, ஜனவரி முதல் மார்ச் வரைதான் கதவு திறக்கும்.

நான் கட்டிக்கொண்டே இருக்கிறேன். வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். புற்றுநோய் என்று தெரிந்த அன்று மனிதனுக்குத் தன் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். உங்கள் பிள்ளை சிகாகோவில். அந்த நாளில் பணக் கணக்கு உங்களைத் தடுக்கக் கூடாது. குறைந்தபட்சம் முதல் இரண்டு மூன்று வருடமாவது, இங்கேயே இருப்போம் என்று உறுதியாகும் வரை, கட்டுங்கள். தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் இருந்தால் மட்டும் அதிலிருந்து வெளியே வந்து சாதாரண மெடிகேருக்கு மாறிக்கொள்ள வேண்டும், வெளிநாட்டில் குடியிருப்பவரை அந்தத் திட்டங்கள் வைத்துக்கொள்ளாது.

உங்கள் மனைவிக்கு 65 ஆகும் மாதத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து மூன்று மாதம் பின்பு வரை அவருடைய சேர்க்கைக் காலம். அவர் அப்போது இந்தியாவில் இருந்தாலும் அந்தக் காலம் ஓடித்தான் முடியும். நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை: நிமோனியா தடுப்பூசி பார்ட் பியில் கிடைக்கும். அக்கி தடுப்பூசி, பார்ட் டி (மருந்துக் காப்பீடு) இருந்தால், 2023லிருந்து கைக்காசு இல்லாமல் போடுகிறார்கள். இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள். அக்கிக்கு இரண்டு தவணை, இடைவெளி வேண்டும், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். மருத்துவக் கோப்பு முழுவதையும், ஸ்கேன் படங்கள் உட்பட, கேட்டு வாங்குங்கள். மாத்திரைகளின் கடைப்பெயரை விட்டு மருந்துப்பெயரை எழுதி வையுங்கள். அங்கே அல்பியூட்டெரால் என்று எழுதும் இன்ஹேலர் மருந்து இங்கே சால்பியூட்டமால், இரண்டும் ஒன்றேதான். ராத்திரி மூச்சுத் திணறும்போது மெடிக்கல் ஷாப்பில் நின்று இதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இங்கே வந்ததும் முதல் வேலை மருத்துவக் காப்பீடு. 65க்கு மேல் புதிதாக எடுக்க முடியாது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அந்த வயது வரம்பு 2024லேயே போய்விட்டது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பும் அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா என்று எது இருந்தாலும் ஒன்று விடாமல் எழுதுங்கள். ஏஜென்ட் "அதெல்லாம் வேணாம் சார், பிரீமியம் ஏறிடும்" என்பார், கேட்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் ஆபரேஷன் முடிந்து பில் போடும் நேரத்தில் கைவிட்டுவிடுவார்கள். அந்த மூன்று ஆண்டுக்குத் தேவையான தொகையைத் தனியாக வங்கியில் போட்டு வையுங்கள், அதைத் தொடாதீர்கள்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். கல்மண்டபத்துச் சந்துகள் எனக்கு அத்துப்படி. பழைய வீடுகளில் மாடிப்படி எவ்வளவு குறுகலோ அவ்வளவு செங்குத்து. வீடு பார்க்கப் போகும்போது நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்று பாருங்கள். 108 வண்டி வாசல் வரை வருமா, தெருமுனையிலேயே நின்றுவிடுமா என்று பாருங்கள். இடுப்பெலும்பு உடைந்தவரை நாலு பேர் நாற்காலியில் தூக்கி இறக்குவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வலியை யாருக்கும் கொடுக்கக் கூடாது. உங்களுக்கு இப்போது 66. நீங்கள் வீடு தேட வேண்டியது உங்களுடைய 82 வயது உடம்புக்கு. லிஃப்ட் வேண்டும், லிஃப்டுக்கு ஜெனரேட்டர் வேண்டும், குளியலறையில் கைப்பிடி வேண்டும்.

அப்புறம் உங்கள் மனைவியின் ஆஸ்துமா. இதில் நான் நயமாகப் பேச மாட்டேன். மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009லேயே கடுமையாக மாசுபட்ட பகுதிகள் பட்டியலில் வைத்தது. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல், கொடுங்கையூரில் குப்பைமேடு, துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புகை. போகியன்று டயர் எரிக்கும் புகை இதற்கு மேல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரம் வரை எண்ணெய் படிந்தது, அதே மாதம் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ராத்திரியோடு ராத்திரியாக ஜனங்கள் ஓடினார்கள். நம் ஊரை நான் குறை சொல்லவில்லை. நம் ஜனங்களின் மூச்சில்தான் இந்த நகரத்துக்கு மின்சாரமும் பெட்ரோலும் வருகிறது, அது எனக்கு ஆற்றமாட்டாத கோபம். ஆனால் ஆஸ்துமா உள்ள ஒருத்தியை அந்தக் காற்றில் கொண்டு வந்து உட்கார வையுங்கள் என்று நர்ஸாக நான் எழுத முடியாது.

ராயபுரம் எண்ணூர் அளவுக்கு மோசம் இல்லை. என்றாலும் பெரம்பூர் பாருங்கள். ஜவஹர் நகர், பெரியார் நகர் பக்கம் மரம் இருக்கிறது, லிஃப்ட் வைத்த புது ஃபிளாட்கள் இருக்கின்றன. பெரியார் நகரில் அரசு பெரிய மருத்துவமனை ஒன்றே கட்டி 2025ல் திறந்துவிட்டார்கள். கல்மண்டபத்துக்கு ஆட்டோவில் போய் வரும் தூரம்தான். தம்பியோடு ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

---

வரிக்கணக்கு பெரம்பூர் எழுதியது:

சார், வணக்கம். அம்மா மருத்துவத்தைச் சொல்லிவிட்டார்கள். வரி என் தொழில், அதைச் சொல்கிறேன்.

அமெரிக்கக் குடிமகன் உலகில் எங்கே குடியிருந்தாலும் வருடா வருடம் 1040 என்ற அமெரிக்க வருமான வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். சென்னைக்கு வந்தால் கூடுதலாக இரண்டு வேலை சேரும். இந்திய வங்கிக் கணக்குகள் எல்லாம் சேர்த்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அந்தக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் எஃப்பார் அறிக்கை தர வேண்டும். டெபாசிட், சேமிப்பு, கூட்டுக் கணக்கு எல்லாம் அதில் வரும். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்து வெளிநாட்டில் குடியிருந்தால், ஆண்டு முடிவில் 4 லட்சம் டாலருக்கு மேலோ, இடையில் எப்போதாவது 6 லட்சத்துக்கு மேலோ வெளிநாட்டுச் சொத்துக் கணக்கு இருந்தால் 8938 படிவமும் உண்டு.

வந்த வேகத்தில் யாராவது மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி போடச் சொல்வார்கள். போடாதீர்கள் சார். இந்திய மியூச்சுவல் ஃபண்டை அமெரிக்க வரித்துறை தனி வகையாகப் பார்க்கிறது, ஒவ்வொரு ஃபண்டுக்கும் 8621 படிவம், வரி விகிதமும் கடுமை. வங்கி டெபாசிட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதலீடு அமெரிக்காவிலேயே இருக்கட்டும். வெளிநாட்டில் இருந்தபோது சேர்த்த சொத்தை அங்கேயே தொடர்ந்து வைத்திருக்க ஃபெமா என்ற இந்திய அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது.

இந்தியப் பக்கம், திரும்பி வந்ததும் உங்களுக்கு ஒரு சலுகைக் காலம் உண்டு. முந்தைய 10 நிதியாண்டில் 9 ஆண்டு வெளிநாட்டில் குடியிருந்தவராக இருந்தால், அல்லது முந்தைய 7 ஆண்டில் மொத்தம் 729 நாளோ அதற்குக் குறைவாகவோ இங்கே தங்கியிருந்தால், உங்களை ஆர்என்ஓஆர் (இங்கே குடியிருந்தாலும் வழக்கமாகக் குடியிருப்பவர் அல்லாதவர்) என்று கணக்கிடுவார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்க வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு ஆண்டு கிடைக்கும், வரும் தேதியைப் பொறுத்துச் சிலருக்கு மூன்று. கடந்த நான்கு ஆண்டில் நீங்கள் இங்கே 365 நாளுக்குக் குறைவாகத்தான் தங்கியிருக்கிறீர்கள் என்றால், அக்டோபர் நடுவில் வந்து இறங்குங்கள். மார்ச் முடிய 182 நாள் ஆகாது, அந்த நிதியாண்டு முழுதும் என்ஆர்ஐ ஆகவே போகும், சலுகைக் காலம் அடுத்த ஏப்ரலில்தான் தொடங்கும்.

சோஷியல் செக்யூரிட்டி பற்றிப் பயம் வேண்டாம். இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 20ஆவது பிரிவுப்படி அதற்கு அமெரிக்காவில் மட்டும்தான் வரி. 401(கே) அப்படி இல்லை. சலுகைக் காலம் முடிந்தபின் அதிலிருந்து எடுக்கும் பணத்தை இரண்டு நாட்டிலும் காட்ட வேண்டும், ஒன்றில் கட்டிய வரியை மற்றொன்றில் கழித்துக்கொள்ளலாம். எடுக்காமல் கணக்குக்குள்ளேயே வளரும் தொகைக்கு வருடா வருடம் இங்கே வரி கேட்பார்களே என்ற சிக்கல் முன்பு இருந்தது. 2021ல் 89ஏ பிரிவைக் கொண்டுவந்து அதைச் சரிசெய்தார்கள், எடுக்கும்போது கட்டினால் போதும். அந்த விருப்பத்தை ஒருமுறை தெரிவித்தால் பின்வாங்க முடியாது. 2026 ஏப்ரல் முதல் புது வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண்ணை அப்போதைய ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் பெரிய தொகை எடுக்க வேண்டியதைச் சலுகைக் காலத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

சலுகை முடிந்த ஆண்டிலிருந்து இந்திய ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை உண்டு. அமெரிக்கக் கணக்கு ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். விட்டுவிட்டால் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போகலாம். வரி ஏய்க்கும் எண்ணமே இல்லாத பெரியவர்கள் இதில் மாட்டிக்கொண்டு என் மேசைக்கு எதிரில் அழுதிருக்கிறார்கள். வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கையும் வந்தபின் அப்படியே வைத்திருக்கக் கூடாது. திரும்பி வந்தவர்கள் வெளிநாட்டுப் பணத்தை வைக்கும் ஆர்எஃப்சி கணக்காக மாற்றினால் டாலர் டாலராகவே இருக்கும், ஆர்என்ஓஆர் காலத்தில் அதன் வட்டிக்கு வரியும் இல்லை.

---

காலடிப்பேட்டை எழுதியது:

அண்ணே, நான் காலடிப்பேட்டை. நர்ஸம்மா சொன்னதை மறுக்கவில்லை, காற்று விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் வட சென்னை என்றாலே புகை, ரவுடி என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவதை மட்டும் நம்பாதீர்கள். நீங்கள் போன காலத்து ஊர் இல்லை இது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை வந்துவிட்டது. தண்டையார்பேட்டையில் ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம். மகன் சிகாகோவிலிருந்து வந்தால் பெட்டியோடு நேராக வந்துவிடுவார்.

தண்ணீரும் முன்னைவிடப் பரவாயில்லை. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010ல் திறந்தார்கள், நாளைக்குப் பத்து கோடி லிட்டர் திறன். ஆனால் வீடு பார்க்கப் போனால் சம்ப் எவ்வளவு பெரியது, மெட்ரோ லாரி தெருவுக்குள் வருமா என்று கேளுங்கள். பெரம்பூரிலும் எல்லா இடமும் மேடு இல்லை. புளியந்தோப்பு, வியாசர்பாடி ஓரமாகப் போனால் மழைக்கு இடுப்பளவு நிற்கும். கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கிவிட்டால் அந்தப் பக்கம் போக்குவரத்தே நின்றுவிடும். நவம்பரில் வந்து, மழை பெய்து முடிந்த மறுநாள் வீடு பாருங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறை தெரியும். தரகர் புதுசாகப் பெயிண்ட் அடித்துக் காட்டினால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள்.

அண்ணியின் மீன் ஆசைக்கு ஒரு சேதி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதம் காசிமேட்டில் நாட்டுப்படகு மீன்தான், விலை எகிறும்.

---

கல்மண்டபத்துக்காரன் எழுதியது:

அக்கா, சார், தம்பி, மூவருக்கும் நன்றி. இதையெல்லாம் மனைவிக்கு வரி வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். ஸ்ட்ரெச்சர் விஷயத்தைக் கேட்டுவிட்டு எங்கள் ஒஹாயோ வீட்டு மாடிப்படியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஓசிஐ விண்ணப்பத்தை இந்த வாரமே தொடங்குகிறோம்.

மாடி போர்ஷன் வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவனுக்கு வருத்தம்தான். அம்மா இருந்த வீட்டில் அண்ணன் இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. பெரம்பூரில் வீடு பார்ப்போம் என்றதும் "நீ வெள்ளைக்காரன் ஆயிட்டே" என்று போனை வைத்துவிட்டான். அவனிடம் இன்னும் பேச வேண்டும்.

இரண்டு கேள்வி பாக்கி. ஒஹாயோ வீட்டை விற்றுவிட்டு வரலாமா? அப்புறம், சோஷியல் செக்யூரிட்டியை இப்போதே தொடங்குவதா, காத்திருப்பதா?

---

தண்டையார்பேட்டை நர்ஸம்மா எழுதியது:

தம்பி, வீட்டை இப்போது விற்காதீர்கள். வாடகைக்கு விட்டுவிட்டு, பெரம்பூரில் நீங்களும் வாடகைக்கு ஒரு வருடம் இருங்கள். அக்டோபர் நடுவில் வரச் சொன்னது வரிக்கு மட்டும் நல்லதல்ல. மழை, போகிப் புகை, மே மாத வெயில் மூன்றையும் உங்கள் மனைவியின் நெஞ்சு வரிசையாகப் பார்த்துவிடும். மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கித் தினமும் காலையிலும் ராத்திரியிலும் ஊதச் சொல்லி நோட்டில் எழுதி வையுங்கள். கிளம்பும் முன் ஒஹாயோவிலேயே இரண்டு வாரம் எழுதுங்கள், ஒப்பிட ஓர் அளவு வேண்டும். அந்த நோட்டு சொல்வதைக் கேட்டு முடிவெடுங்கள். எண் இறங்கிக்கொண்டே போனால் ஊர்ப்பாசத்தை ஓரமாக வைத்துவிட்டு அவரை அழைத்துக்கொண்டு திரும்பிப் போங்கள்.

சோஷியல் செக்யூரிட்டியில், 1960லோ அதற்குப் பின்போ பிறந்தவருக்கு முழுத்தொகை 67 வயதில். அதற்கு மேல் காத்திருந்தால் 70 வரை ஆண்டுக்கு எட்டு சதவீதம் கூடும். உங்களில் யாருக்குத் தொகை அதிகமோ அவர் காத்திருக்கட்டும். நீங்கள் முந்திப் போனால் மனைவிக்கு உங்கள் தொகை வரும். இங்கே சேமிப்பில் ஓட்ட முடிந்தால் 70 வரை தள்ளுங்கள். அந்தத் தங்கச்சிக்கு நீங்கள் விட்டுச்செல்லும் பாதுகாப்பு அதுதான்.

தொகை வரத் தொடங்கியபின் வெளிநாட்டு முகவரிக்கு 7162 என்று ஒரு படிவம் தபாலில் வரும், உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டு. நிரப்பி அனுப்பாவிட்டால் பணத்தை நிறுத்திவிடுவார்கள். நம் பக்கத்துத் தபாலை நம்பி உட்காராதீர்கள், கோடை வந்தால் நீங்களே கேட்டு விசாரியுங்கள். அமெரிக்க வங்கிக் கணக்கையும் அமெரிக்க செல்போன் எண்ணையும் கைவிடவே கூடாது. எண் போனால் ஓடிபி போச்சு, ஓடிபி போனால் உங்கள் பணத்தை நீங்களே தொட முடியாது. குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாற்றி, வைஃபையில் அழைப்பும் குறுஞ்செய்தியும் வருகிறதா என்று கிளம்பும் முன் சோதித்துப் பாருங்கள். உங்கள் முதலீட்டுக் கணக்கு இருக்கும் நிறுவனம் இந்திய முகவரி உள்ளவரை வைத்துக்கொள்ளுமா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில நிறுவனங்கள் வைத்துக்கொள்வதில்லை.

தம்பி விஷயம்: போனில் பேசாதீர்கள். வந்ததும் நேரே கல்மண்டபம் போய், முதல் ஒரு வாரம் அந்த வீட்டிலேயே கீழே தங்குங்கள். உங்கள் மனைவியின் மூச்சுக் கணக்கு நோட்டை உங்கள் தம்பி கையிலேயே கொடுத்து எழுதச் சொல்லுங்கள். வீடு பார்க்கப் போகும்போதும் அவரையே முன்னால் விடுங்கள், தரகரிடம் பேரம் பேச உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். பெரியார் நகரில் என் பழைய சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள், லிஃப்ட் உள்ள வாடகை ஃபிளாட் காலியாகிறதா என்று ஆகஸ்டிலிருந்தே கேட்டு வைக்கிறேன். எத்தனை அறை வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.